பிறந்த குழந்தை முகம் பார்க்கிறதா, சத்தம் கேட்கிறதா? முதல் 12 வாரம் வீட்டில் பார்க்கும் முறை

வேளச்சேரி_வாசு
குழந்தைக்கு 24 நாள். 38 வாரத்தில் பிறந்தது. பிறந்த எடை 2.9 கிலோ, இப்போது 3.2. மூன்று சந்தேகம்.
ஒன்று, முகத்துக்கு நேரே போனால் பார்ப்பதில்லை, ஜன்னல் பக்கமே பார்க்கிறது. இரண்டு, எவர்சில்வர் தட்டைத் தட்டினால் முதல் தடவை தூக்கிவாரிப் போடுகிறது, நாலாவது தடவை சும்மா கிடக்கிறது. காது மந்தமா? மூன்று, தலையை வலது பக்கமே வைத்துக்கொள்கிறது. "உரம் விழுந்திருக்கு, எடுத்துடலாம்" என்கிறார்கள் வீட்டில். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிசுநலச்செவிலி
மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், கெடுதல் நடக்கக்கூடியது அதில்தான். உரம் எடுக்காதீர்கள். சேலையில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, உதறுவது எதுவும் வேண்டாம். பிறந்த குழந்தையின் தலை உடம்பின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு, அதைத் தாங்கும் வலு கழுத்துத் தசைக்கு இன்னும் வரவில்லை. உதறினால் மூளையைச் சுற்றியிருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் கிழியலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. "உரம்" என்று சொல்லப்படும் அறிகுறிகளைப் பாருங்கள்: பால் குடிக்க மாட்டேன் என்கிறது, முனகுகிறது, தொட்டால் வீறிடுகிறது. இதெல்லாம் ரத்தத்தில் கிருமித்தொற்று ஆரம்பிக்கும்போதும் வரும். உரம் எடுக்கிறவரைத் தேடி அலையும் அரை நாளில் அந்தக் குழந்தையின் நிலைமையே மாறிவிடும்.

இனி பார்வை. பிறந்த குழந்தைக்கு ஆறு நிலைகள்: ஆழ்ந்த தூக்கம், மேலோட்டமான தூக்கம், அரைத்தூக்கம், அமைதியான விழிப்பு, துறுதுறு விழிப்பு, அழுகை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெரி பிரேசல்டன் 1973-இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையில் குழந்தையை எந்த நிலையில் சோதிக்கிறோம் என்பதைக் குறித்துக்கொண்டுதான் மேலே போவார்கள். முகம் பார்ப்பது, குரலுக்குத் திரும்புவது எல்லாம் நாலாவது நிலையில்தான் தெளிவாகத் தெரியும். கண் அகல விரிந்து பளபளவென்று இருக்கும், கை கால் அடங்கியிருக்கும், மூச்சு சீராக இருக்கும், அதுதான் அந்த நிலை. முதல் மாதத்தில் நாள் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் தேறும், அதுவும் துண்டு துண்டாக. விருந்தாளி வந்ததும் கன்னத்தைத் தட்டி "இங்க பாரு" என்று எழுப்பினால் நேரே ஆறாவது நிலைக்குத்தான் போகும்.

பார்க்கும் முறை இது. பால் குடித்து அரை மணி, முக்கால் மணி ஆகியிருக்கட்டும். துணி நனைந்திருக்கக் கூடாது. மேலே இருக்கும் ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள், மல்லாந்து கிடக்கிற குழந்தைக்கு அது நேரே கண்ணில் அடிக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து உங்கள் முகத்தில் விழ வேண்டும். நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் குழந்தைக்கு உங்கள் முகம் வெறும் கறுப்பு வட்டம். ஜன்னலையே பார்ப்பதற்குக் காரணமும் அதுதான்: கம்பிக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே உள்ள கறுப்பு வெள்ளை விளிம்புதான் இந்த வயதில் கண்ணைப் பிடித்திழுக்கும்.

ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும், இன்னொரு கை இடுப்புக்கும் கொடுத்து, பாதி சாய்வாகப் பிடியுங்கள். தூரம் 20 முதல் 30 செ.மீ., அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. மார்பில் பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரமும் ஏறக்குறைய அதுவேதான். பேசாதீர்கள். பேசினால் திரும்பியது கண்ணாலா காதாலா என்று தெரியாமல் போகும். பத்து விநாடி அசையாமல் இருங்கள். குழந்தையின் புருவம் லேசாக உயர்ந்து, வாய் அசைவு நின்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு உங்கள் முகத்தை மெல்ல ஒரு பக்கம் நகர்த்துங்கள். 24 நாளில் கொஞ்ச தூரம் தொடர்ந்து வந்து விட்டுவிடும், அது போதும். ஆறு எட்டு வாரத்தில் நடுக்கோட்டைத் தாண்டும். மூன்று மாதத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரும்.

கொட்டாவி, தும்மல், விக்கல், விரல்களை விரித்து நீட்டுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, இதெல்லாம் "போதும்" என்று சொல்வது. நிறுத்திவிடுங்கள். முகத்தைத் திருப்பினால் பிடிக்கவில்லை என்று நினைத்துத் துரத்தித் துரத்திப் போகிறவர்கள் உண்டு. குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கவலைப்பட வேண்டியது வேறு. கருவிழி நடுவே வெள்ளை தெரிவது, அல்லது ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுவது: இதற்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள், கண்புரையோ விழித்திரைக் கட்டியோ இருக்கலாம். கண் ஓயாமல் ஆடிக்கொண்டே இருப்பது. எப்போதும் ஒரே கண் மாறுகண்ணாக நிற்பது. அவ்வப்போது மாறுகண் போல வந்து போவது மூன்று நாலு மாதம் வரை சகஜம்.

செவி_பெரம்பூர்
தட்டு விஷயம். நாலாவது தடவை சும்மா கிடந்தது நல்ல செய்தி. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் "இது முன்னே கேட்டதுதான்" என்று மூளை ஒதுக்குகிறது. நரம்பு மண்டலம் ஒழுங்காக வேலை செய்கிற குழந்தை அப்படித்தான் பழகிக்கொள்ளும். இருபதாவது தட்டுக்கும் முதல் தட்டு மாதிரியே துள்ளினால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் தட்டை வைத்துக் காது கேட்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கட்டிலில் அதிர்வு போகும், முகத்தில் காற்று படும், கை நிழல் விழும். காது கேளாத குழந்தையும் அதற்கெல்லாம் துள்ளும். தட்டுச் சத்தம் மிக உரக்க இருப்பதால் மிதமான குறைபாடு உள்ள குழந்தையும் பாஸாகிவிடும். பேச்சு வருவதைக் கெடுப்பது அந்த மிதமான குறைபாடுதான்.

சரியான சோதனை ஓ.ஏ.ஈ. காதில் சின்ன ரப்பர் முனையை வைப்பார்கள், குழந்தை தூங்கும்போதே சில நிமிடத்தில் முடியும். முடிவு "பாஸ்" அல்லது "ரெஃபர்" என்று வரும். ரெஃபர் என்றால் காது கேட்காது என்று அர்த்தம் இல்லை. பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளில் காதுக் குழாயில் வெண்மெழுகும் நீரும் இருக்கும், அதனாலேயே நிறையப் பேருக்கு ரெஃபர் வரும். திரும்ப எடுக்க வேண்டும். நடப்பது என்னவென்றால், டிஸ்சார்ஜ் அவசரத்தில் அந்தச் சீட்டு ஃபைலுக்குள் போய்விடும், யாரும் திரும்ப வரமாட்டார்கள்.

ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை ஏறிய குழந்தை, இவர்களுக்கு ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது. அது உள்காதின் மயிர்ச்செல்களைத்தான் பார்க்கும், நரம்பைப் பார்க்காது. பெரா, அதாவது சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் சோதனை, எடுக்க வேண்டும்.

கணக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்கியிருக்க வேண்டும். செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதித் தருவார்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவைச் சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) தேவைப்பட்டால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: அமைதியான விழிப்பில், கண்ணுக்குத் தெரியாமல் பக்கவாட்டில் இருந்து அம்மா சாதாரணக் குரலில் பேசட்டும். சப்பும் வேகம் மாறுவது, அசைவு நிற்பது, கண் அந்தப் பக்கம் போவது, இதில் ஒன்று தெரியும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் அம்மா குரல் கேட்பதற்காகச் சப்பும் வேகத்தை மாற்றுவதை டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-இல் காட்டினார்கள். இது ஓ.ஏ.ஈ.க்கு மாற்று இல்லை.

இயன்முறை_அண்ணாநகர்
தலை ஒரே பக்கம் போவதற்கு இரண்டு காரணம் உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது பழக்கம். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் அந்தப் பக்கம் இருக்கும், கருப்பையில் இருந்த வாக்கும் அதுவாக இருக்கலாம். இரண்டாவது கழுத்துத் தசை இறுக்கம். குழந்தை அரைத்தூக்கத்தில் இருக்கும்போது மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு கை தோளில், மறு கையால் தலையை மெல்ல இடது பக்கம் திருப்பிப் பாருங்கள். முகவாய் தோளுக்கு நேராக வந்தால் பழக்கம்தான். பாதியில் தட்டினாலோ முகம் சுளித்தாலோ அதோடு விடுங்கள், அழுத்தாதீர்கள். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசையைத் தடவினால் சுண்டைக்காய் மாதிரி கெட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? அந்தக் கட்டி இரண்டாவது வாரத்திலிருந்து நாலாவது வாரத்துக்குள்தான் பெரும்பாலும் கைக்குத் தெரியும். இருந்தால் பயப்பட வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் காட்டிப் பயிற்சியைத் தொடங்குங்கள். மூன்று மாதத்துக்கு முன் ஆரம்பித்தால் அநேகமாக அறுவைச் சிகிச்சை வரை போகாது. அப்போதே இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், இந்த இரண்டும் சில குழந்தைகளுக்குச் சேர்ந்தே வரும்.

பழக்கம் என்றால் வேலை சுலபம். தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் போடுங்கள், ஜன்னலும் கதவும் இடது பக்கம் வந்துவிடும். தூக்கும்போது இடது பக்கமாக நின்று பேசுங்கள். அப்புறம் குப்புறப் போடுவது: குழந்தை விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இந்த வயதில் தரையில் போட வேண்டியதில்லை, சாய்ந்து உட்கார்ந்த அம்மா அல்லது அப்பா மார்பே போதும். இரண்டு மூன்று நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. ஏழாவது வாரத்தில் மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை வரட்டும். பால் குடித்த கையோடு போட்டால் கக்கும், அப்புறம் "குழந்தைக்குக் குப்புறப் படுத்தா ஆகலை" என்று விட்டுவிடுவார்கள்.

தூங்குவது எப்போதும் மல்லாந்து, கெட்டியான சமமான படுக்கையில். தூளியில் நாள் முழுக்கப் போட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண்.

மாம்பலம்_மாமி
தூளியக் குத்தம் சொல்லாம இருக்க மாட்டேளே! 500 சதுர அடி வீட்டுல, அக்னி நட்சத்திரத்துல, காத்தோட்டமா குழந்தை தூங்கறது அதுல மட்டும்தான். ஆட்டற ஆட்டத்துல குழந்தை அடங்கறதுக்குக் காரணம் இருக்கு: உள்காதுல இருக்கற சமநிலை உறுப்பு பொறக்கும்போதே தயாரா இருக்கு, வயித்துக்குள்ள அம்மா நடந்த ஆட்டம் அதுக்குப் பழக்கம். அதைத் தேவையில்லைன்னு தள்ள முடியாது. மத்ததெல்லாம் தப்புன்னு சொல்லுங்கோ, ஒத்துக்கறேன். மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடறது தப்பு, நுரையீரலுக்குப் போனா நிமோனியா. வாயால மூக்குல ஊதறது தப்பு. சாம்பிராணிப் புகை தப்பு. குழந்தையோட மாருல பால் கட்டியிருக்குன்னு பிழியறது மகா தப்பு, அது அம்மாவோட ஹார்மோன், தானா வத்திடும், பிழிஞ்சா சீழ் வெக்கும். கண்மை வேண்டாம், ஈயம் இருக்கும். கழுதைப்பால் சங்கு சங்கா தெருவுல விக்கறானே, அதுவும் வேண்டாம்.

இயன்முறை_அண்ணாநகர்
மாமி, ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை, வளைவைச் சொல்கிறேன். தூளியில் முதுகு வில்லாக வளைந்து முகவாய் நெஞ்சில் இடிக்கும். அந்த வயதில் மூச்சுக்குழாய் உறிஞ்சு குழல் மாதிரி, மடங்கினால் அடைக்கும். மூச்சுத் திணறினால் வெளியே தெரியாது, சேலை மூடியிருக்கும். குறைமாதக் குழந்தைக்குத் தூளி வேண்டவே வேண்டாம். மற்றவர்கள் அழுகையை அடக்க, விழித்து ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது போடலாம்: சேலை மூடிக்கொள்ளாதபடி குறுக்குக் கட்டை, அடியில் தரைக்கு ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம், கொக்கி உத்தரத்தில் ஏறியிருக்க வேண்டும், பொய்க்கூரையில் இல்லை. தூங்கியதும் எடுத்துப் படுக்கையில் போடுங்கள்.

மாம்பலம்_மாமி
எடுத்துப் போட்டா முழிச்சுக்குமே!

சிசுநலச்செவிலி
முதல் கால் மணி நேரத்தில் எடுத்தால் முழிக்கும். தூங்க ஆரம்பிக்கும்போது மேலோட்டமான தூக்கம்தான் முதலில் வரும், இமைக்குள் விழி உருளும், சிரிக்கும், முகம் கோணும். கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். அப்போது எடுங்கள். கீழே வைக்கும்போது பின்பக்கம் முதலில், தலை கடைசியில். தலை முதலில் இறங்கினால் விழுகிற உணர்வு வந்து தூக்கிவாரிப் போடும்.

கொளத்தூர்_கீதா
அந்தத் தூக்கிவாரிப் போடுவது எத்தனை மாதம் வரை இருக்கலாம்? பயந்திருக்கு என்று கறுப்புக் கயிறு கட்டச் சொல்கிறார்கள்.

சிசுநலச்செவிலி
பயம் இல்லை, மோரோ அனிச்சை. கை இரண்டும் விரிந்து, பிறகு கட்டிப்பிடிக்க வருவது போல உள்ளே வரும். நாலு மாதம் வாக்கில் மங்கி, ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். பார்க்க வேண்டியது இரண்டு கையும் ஒரே மாதிரி வருகிறதா என்பதை. ஒரு கை மட்டும் தொங்கினால் பிரசவத்தில் தோள்பட்டை நரம்பு இழுபட்டிருக்கலாம், காறை எலும்பு விரிசலாகவும் இருக்கலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் ஒன்றுதான் ஆபத்தானது. மூன்று முதல் எட்டு மாதத்துக்குள், தூங்கி எழுந்ததும், சத்தம் எதுவும் இல்லாமலே தலை முன்னால் குத்தி, கை விரிந்து, சில விநாடிக்கு ஒரு தடவை வரிசையாக வந்தால் அது மோரோ இல்லை, சிசு வலிப்பு. "வயித்து வலி"யென்று கிரைப் வாட்டர் கொடுத்துக்கொண்டே வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மொபைலில் வீடியோ எடுத்து அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கை கால் நடுங்கினால் மெல்லப் பிடித்துப் பாருங்கள்: பிடித்ததும் நின்றால் வெறும் நடுக்கம், பிடித்த பிறகும் கைக்குள் துடித்தால் வலிப்பு.

அதோடு, இரண்டு மாதத்துக்குள் இருக்கும் எந்தக் குழந்தைக்கும் பொருந்துவது: பால் குடிப்பதை நிறுத்துவது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உடம்பு சூடு 37.5 செல்சியஸுக்கு மேல் அல்லது 35.5-க்குக் கீழ், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள். இரவு இரண்டு மணியானாலும் 108, அல்லது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. வெயிலில் காட்டி மஞ்சளை இறக்கலாம் என்று உட்காராதீர்கள்.

ராயபுரம்_ரேவதி
33 வாரத்தில் 1.8 கிலோவாகப் பிறந்த குழந்தை, இப்போது 9 வாரம். முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆறு வாரத்திலேயே சிரிக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே?

சிசுநலச்செவிலி
40-லிருந்து 33 போனால் 7. ஒன்பதில் ஏழைக் கழியுங்கள்: வளர்ச்சிக் கணக்கில் அதற்கு 2 வாரம்தான். சிரிப்பு ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும் என்றால் உங்களுக்குப் பிறந்ததிலிருந்து 13 முதல் 15 வாரம். இரண்டு வயது வரை இப்படித்தான் கழித்துப் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிப்படியே 6, 10, 14 வாரம்.

அதைவிட அவசரமான கேள்வி: விழித்திரைச் சோதனை ஆகிவிட்டதா? 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 2 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் பிறந்து நாலு வாரத்துக்குள் முடித்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகவே இருக்கும், உள்ளே விழித்திரை விலகிக்கொண்டிருக்கும். ஆகவில்லையென்றால் நாளைக்கே போங்கள்.

ஓலைச்சுவடி
ஒரு சின்ன இடைச்செருகல். பிள்ளைத்தமிழில் செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதம்: கையூன்றி, தலை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி ஒன்பதாம் மாதம்: கைகொட்டுவது. இன்றைய வளர்ச்சி அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் பெரிதாக இடிக்கவில்லை. முதல் பருவமான காப்பே மூன்றாம் மாதத்தில்தான் தொடங்குகிறது, அதற்கு முன்னால் குழந்தையிடம் எதையும் ஆடிக் காட்டச் சொல்லவில்லை!

இயன்முறை_அண்ணாநகர்
நல்ல கணக்கு. ஆனால் மாதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கவும் வேண்டாம். உலக சுகாதார அமைப்பு 2006-இல் வெளியிட்ட ஆய்வில் தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரவியிருக்கிறது, 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலான குழந்தைகள் தவழவே இல்லை. தாமதத்தைவிட ஒருபக்கச் சாய்வும், வந்தது திரும்பப் போவதும்தான் பெரிய விஷயம். ஒரு வயதுக்கு முன்னால் "இது இடது கைப் பழக்கம்" என்று சந்தோஷப்படாதீர்கள், வலது கை ஏன் வரவில்லை என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேலும் கட்டைவிரல் உள்ளே மடங்கிய முஷ்டியாகவே கை இருந்தால் காட்டுங்கள்.

வேளச்சேரி_வாசு
நன்றி. ட்யூப் லைட், ஜன்னல், தலைமாடு மூன்றையும் மாற்றியாகிவிட்டது. உரம் எடுப்பது நின்றுவிட்டது. இந்த எடை போதுமா? மனவளர்ச்சிக்கு வேறு என்ன செய்யலாம்? கறுப்பு வெள்ளை அட்டை வாங்கலாமா?

சிசுநலச்செவிலி
எடை சரி. முதல் வாரத்தில் 7 சதவீதம் வரை குறையும், 10 தொட்டால் பாலூட்டுவதில் எங்கேயோ பிசகு. 10 முதல் 14 நாளில் பிறந்த எடைக்குத் திரும்பி, அப்புறம் நாளைக்கு 20 முதல் 30 கிராம். ஒரே தராசில், துணி இல்லாமல், வாரம் ஒரு தடவை போதும். தினமும் போட்டால் மூத்திரம் போனதும் போகாததும்தான் கணக்கில் ஏறும்.

அட்டை கெடுதல் இல்லை, அவசியமும் இல்லை. முகத்தைவிட நல்ல அட்டை கிடையாது. செய்ய வேண்டியது இதுதான்: பேசுங்கள், நிறுத்துங்கள், ஐந்து ஆறு விநாடி காத்திருங்கள். இப்போது வாயைக் குவிப்பதோ நாக்கை நீட்டுவதோதான் பதிலாக வரும். ஆறு வாரத்துக்கு மேல் "ங்கா" என்று வரும். வந்ததும் அதையே திருப்பிச் சொல்லுங்கள், அடுத்தது வரும். பெரும்பாலானவர்கள் நிறுத்தாமல் கொஞ்சிக்கொண்டே போவார்கள், குழந்தையின் முறை வரவே வராது. பால் கொடுக்கும்போது மொபைல் பார்ப்பதும் இங்கேதான் இடிக்கும். 1970-களில் உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் செய்த சோதனையில், அம்மா இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் சலனமே காட்டாமல் இருந்ததும் சில மாதக் குழந்தைகள் முதலில் சிரித்து இழுக்கப் பார்த்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அம்மா முகம் அப்படி இறுகிப்போயிருந்தால் குறை சொல்லாதீர்கள், கவனியுங்கள். பிரசவமாகி இரண்டு வாரத்துக்குப் பிறகும் அழுகை, தூக்கமின்மை, குழந்தையைத் தொடவே பிடிக்காமை இருந்தால் அது சோம்பல் இல்லை, மருத்துவம் உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

கொளத்தூர்_கீதா
வைட்டமின் டி சொட்டு மருந்து தினமும் 1 மி.லி. என்று ஒருவர் சொல்கிறார், அரை மி.லி. என்று இன்னொருவர். எது சரி?

சிசுநலச்செவிலி
பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நாளைக்குத் தேவை 400 யூனிட். மருந்துக்கடையில் ஒரு மி.லி.யில் 400 யூனிட் உள்ளதும் கிடைக்கும், 800 உள்ளதும் கிடைக்கும். 400 என்றால் 1 மி.லி., 800 என்றால் அரை. கம்பெனி மாற்றி வாங்கும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள், பழைய பாட்டிலின் டிராப்பரைப் புதியதில் போடாதீர்கள், கோடுகள் மாறியிருக்கும். நாக்கில் நேரே பீய்ச்சாமல் கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.